பாதாம் மரம் இருந்த இடத்திலிருந்து

…அந்த மூன்றாவது பரிந்துரையில் 'வலுப்படுத்த வேண்டும்' என்று போட்டிருந்தோமா, 'மறுசீரமைக்க வேண்டும்' என்று போட்டிருந்தோமா, வலுப்படுத்த என்றால் அமைச்சருக்குப் பிடிக்கும், மறுசீரமைக்க என்றால் தூதர்களுக்குப் பிடிக்கும், இரண்டுக்கும் நடுவில் மயிரிழை வித்தியாசம்கூடக் கிடையாது என்று சினியாவுக்குத் தெரியும், இந்த இரண்டு வார்த்தைகளையும் மாற்றி மாற்றிப் போட்டுத்தானே முப்பது வருஷமாகச் சோறு தின்றிருக்கிறாள்… கார் நகரவில்லை. மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. சுற்றுச்சாலை முழுக்கப் பின்விளக்குகளின் சிவப்பு. முன்பெல்லாம் அக்டோபர் மழைக்கு ஒரு மரியாதை இருந்தது, மத்தியானச் சாப்பாடு முடியட்டும் என்று காத்திருந்து வரும், இப்போது விடியும்போதே வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்கிறது, எதற்குத்தான் இந்த ஊரில் மரியாதை மிச்சம் இருக்கிறது… மடியில் பிராந்தியப் பாதுகாப்பு அறிக்கை, அச்சகத்து வாசனை இன்னும் போகவில்லை, அட்டையில் மத்திய அமெரிக்காவின் வரைபடம், ஏழு நாடுகளுக்கு ஏழு நிறம். கோஸ்டா ரிக்காவுக்கு எப்போதும் பச்சை. ஏன் எப்போதும் பச்சை, யார் முடிவு செய்தது, ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை, பச்சை என்றால் ஆபத்தில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், அவளும் நினைத்துக்கொண்டாள். இதுதான் கடைசி அறிக்கை. இதை வெளியிட்டுவிட்டு, மேடையில் கைதட்டல் வாங்கிக்கொண்டு, டிசம்பரில் ஓய்வு. நிறுவனத்தில் ஒரு கௌரவ ஆலோசகர் பதவி தருவதாக இயக்குநர் எஸ்துவார்தோ சொல்லியிருக்கிறார், சொல்லியிருக்கிறார் என்றால் எழுதித் தரவில்லை, இன்றைக்கு எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுத் தருவார்.

முதல் கூட்டம் குவாத்தமாலாவில். அப்போது அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை, ஒவ்வொரு நாட்டிலும் சண்டை ஓய்ந்துகொண்டிருந்த காலம், ஹோட்டல் கூடத்தில் நீள மேஜை, சுற்றிலும் கர்னல்கள், அத்தனை பேரும் போன வருஷம்வரை ஏதோ ஒரு மலையில் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தவர்கள், இப்போது கோட்டு மாட்டிக்கொண்டு 'ஜனநாயகப் பாதுகாப்பு' என்று பல்லில் மாட்டிய நார் மாதிரிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நுழைந்ததும் ஹொண்டூராஸ்காரர் காலிக் கோப்பையை நீட்டி, பால் வேண்டாம் என்றார். அவள் வாங்கிக்கொண்டு போய்க் காபி ஊற்றி வந்து வைத்துவிட்டு, கோஸ்டா ரிக்கா என்று பலகை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள், அந்த ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்புறம் யாரோ ஒருவர், "படையே இல்லாத நாட்டுலருந்து பாதுகாப்புக்கு ஆள் அனுப்பியிருக்காங்கய்யா. உங்க எல்லைய யாரும்மா காக்குறது, தபால்காரரா?" என்றார், கூடமே சிரித்தது. "அவரேதான். அதனாலதான் எங்க ஊர்ல கடுதாசி லேட்டா வருது" என்றாள். இன்னும் பெரிய சிரிப்பு. அன்றைக்குப் பிடித்துக்கொண்டார்கள் அவளை. அதற்குப் பிறகு எந்தத் தலைநகரில் கூட்டம் நடந்தாலும் டாக்டர் சினியா உமான்யா உண்டு, எங்களைப் பாருங்கள் என்று அவள் சொல்வாள், படையைக் கலைத்தோம், பள்ளிக்கூடம் கட்டினோம், எங்களைப் பாருங்கள்… அவர்களும் பார்த்தார்கள், பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். வீட்டில் புருஷன், நீ எல்லாருடைய எல்லையையும் பார்க்கிறாய், நம் வீட்டு வாசலைத்தான் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தான், ஒருநாள் சொல்வதை நிறுத்தினான், அப்புறம் போய்விட்டான். போன வருஷம் பனாமாவில், சால்வடோர்காரர் அவள் தோளைத் தட்டி, "இப்ப உங்க முறையா, டாக்டர்?" என்றார். கிண்டல் இல்லை அதில். துக்க வீட்டில் கேட்கிற மாதிரிதான் கேட்டார். கடத்தல் சண்டையில் துறைமுகப் பக்கம் நாளுக்கு ஒரு கொலை விழுந்துகொண்டிருந்தது, அவளும் டிவியில் உட்கார்ந்து, இது கவலைக்குரிய போக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீங்க டிவில வர்றவங்கதானே?" என்றான் ஓட்டுநர். ஓல்கெர் என்று போனில் பெயர் காட்டியது, நாற்பது வயதிருக்கும், கண்ணாடியில் கண்கள் மட்டும் தெரிந்தன. "எங்கயாவது கொலை விழுந்தா வருவீங்களே." ஆமாம் என்றாள், வேறென்ன சொல்வது. "எங்க அம்மா உங்களப் பாத்தாலே சேனல மாத்திரும். உங்க மேல கோவம்லாம் இல்ல, நீங்க வந்தா யாரோ செத்துட்டாங்கன்னு அர்த்தமாம்." சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள், காக்காய்க்குக்கூட நல்ல பேர் உண்டு, விருந்தாளி வரப்போவதையும் சொல்லும், அவளுக்கு அதுகூட இல்லை… "மேடம், நீங்க சொன்ன ஹோட்டல் மேப்புல ரெண்டு எடத்துல காட்டுது. எது?" அவள் அறிக்கையிலிருந்து தலையைத் தூக்காமலே, "பழைய சோப்பு ஃபேக்டரி தெரியுமில்ல, அதுலருந்து வடக்க ரெண்டு தெரு, கொய்யா மரம் நின்ன எடத்துல திரும்புங்க, மஞ்சச் சுவரு" என்றாள். "அப்படிச் சொல்லுங்க. கொய்யா மரம்னா தெரியும்" என்று அவன் போனை அணைத்து ஓரமாக வைத்தான். அந்த ஃபேக்டரியை இடித்து ஒரு தலைமுறை ஆகிறது, கொய்யா மரத்தை ஓல்கெர் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது, ஆனால் தெரியும். இந்த நாட்டில் தெருவுக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு எண் உண்டு, யாரும் பார்ப்பதில்லை. இருந்த மரம், இடித்த கடை, செத்துப்போன டாக்டரின் வீடு, அதிலிருந்து இத்தனை தெரு, இந்தப் பக்கம், இந்த நிறம், அவ்வளவுதான், கடிதமும் வந்து சேரும், ஆட்களும் வந்து சேருவார்கள்… ஆட்களும் வந்து சேருவார்கள். சொல்லி முடித்த வாய் மூடவில்லை அவளுக்கு. ஏன், என்ன இப்போது, என்ன சொன்னேன்… கை தானாகப் பக்கங்களைப் புரட்டியது.

துறைமுக நகரம் லிமோன் பற்றிய அத்தியாயம். பெட்டி கட்டிய செய்தி, இளநீல நிறத்தில். 'பழைய பாதாம் மரம் இருந்த இடத்திலிருந்து கடலை நோக்கி ஒரு தெரு, நீலத் தண்ணீர்த் தொட்டி வைத்த வீடு. அதன் வாசற்படியில், மடியில் கூடையோடு உட்கார்ந்து அமெலியா (பெயர் மாற்றப்பட்டது) சொன்னார்: ரோந்து வண்டி கிளம்பிப் போன பிறகுதான் எங்கள் தெருவில் விளக்கு அணையும். விளக்கு அணைந்த பிறகுதான் படகு வரும்.' அவள் இன்னொரு தடவை படித்தாள். அமெலியா என்று யாரும் இல்லை, மிஸ் வெல்டா இருக்கிறாள். லிமோன் மார்க்கெட் வாசலில் வெள்ளைத் துணி போட்ட கூடையில் காரமான கறி பஃப்ஸ் விற்கிறவள், சாயங்காலம் அந்தப் படியில் உட்கார்ந்து மிச்சத்தைத் தெருவுக்குக் கொடுக்கிறவள். பெயரை மாற்றினோம். எவ்வளவு கவனமாக மாற்றினோம், வயதை மாற்றினோம், சொந்தபந்தம் எதையும் சொல்லவில்லை, லிமோனில் கேள்விப்படாத பெயராகத் தேடி அமெலியா என்று வைத்தோம்… வைத்துவிட்டு வீட்டு விலாசத்தை எழுதியிருக்கிறோம். அச்சடித்திருக்கிறோம். கெட்டி அட்டை போட்டு.

எப்படி? எப்படி என்று அவளுக்குத் தெரியும், தெரிந்ததுதான் அசிங்கமாக இருந்தது. வாஷிங்டனிலிருந்து பதிப்பாசிரியை எழுதியிருந்தாள், எல்லாம் சரியாக இருக்கிறது டாக்டர், ஆனால் மனுஷ வாசனையே இல்லையே என்று. சினியாவுக்குச் சுருக்கென்றது. ஒருங்கிணைப்பு, கட்டமைப்பு, பொறுப்புடைமை, முப்பது வருஷ எழுத்தில் ஒரு மனுஷன் தும்மியதில்லை, உண்மைதானே… அன்று ராத்திரியே உட்கார்ந்து அந்த வரியை எழுதினாள். எழுதி முடித்துவிட்டு எழுந்து காபி போட்டுக்கொண்டு, தனியாக நின்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள், கடலை நோக்கி ஒரு தெரு, ஆஹா, தான் எழுதியதில் கடல் வந்த முதல் வரி. அதை மூன்று நிபுணர்கள் சரிபார்த்தார்கள், மாட்ரிட்காரர் ஒருவர், மற்றவர்கள் எங்கேயோ. உண்மைப் பெயர் உண்டா, இல்லை. அடையாள எண், இல்லை. தெருப் பெயர், கதவு எண், இல்லை, இல்லை. ஒப்புதல். அவர்கள் ஊரில் அது சரிதான். மரமும் கடலும் தொட்டியும் யாருக்கு என்ன சொல்லும்? அவள்தான் இந்த ஊர்க்காரி, தாய்ப்பாலோடு கூட இந்த விலாசத்தையும் குடித்து வளர்ந்தவள், அவள் கண்ணுக்கே தெரியவில்லை என்றால்… அழகாக இருந்தது, அதனால் தெரியவில்லை. மற்ற எல்லா வீட்டிலும் தொட்டி கறுப்பு, வெல்டா வீட்டில் மட்டும் நீலம், அதற்காகத்தானே அதைச் சொல்வதே.

அந்த வரி அவளுடையதுகூட இல்லை. கிளம்பும்போது வெல்டா சொல்லிக் கொடுத்தது. "ராசாத்தி, அடுத்த தடவ வர்றப்ப அங்க இங்க கேட்டு அலையாத. பாதாம் மரம் இருந்த எடத்துலருந்து கடலப் பாத்து ஒரு தெரு, நீலத் தொட்டி வச்ச வீடு. எங்க, சொல்லு பாப்போம்." சினியா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் திருப்பிச் சொன்னாள். தேங்காய்ப்பால் சோறும் பீன்ஸும் வைத்திருந்தாள் வெல்டா, ஞாயிற்றுக்கிழமை, கோழிக் குழம்பு வேறு, பேட்டிக்கு வந்த ஆளை யார் இப்படி உட்கார வைத்துச் சோறு போடுவார்கள்… ஏன் இதையெல்லாம் என்னிடம் சொல்கிறீர்கள், பயமாக இல்லையா என்று கேட்டதற்கு, "பயம் இல்லாம என்ன. நான் காலங்காத்தால மாவு பெசைய எந்திரிக்கணும், எங்க தெருவுல வெளக்கு எரியணும், அம்புட்டுத்தான். நீ பெரிய எடத்துல பேசுறவ. வெளக்கு எரியணும்னு சொல்லு" என்றாள். விளக்கு. சினியா கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள், பரிந்துரை ஒன்றிலிருந்து கடைசிவரை விரலை வைத்து இறங்கினாள். கடலோரக் கண்காணிப்பில் நிறுவனங்களுக்கிடையேயான ஒருங்கிணைப்பை வலுப்படுத்த வேண்டும். ஓ, வலுப்படுத்த என்றுதான் போட்டிருக்கிறது. விளக்கு எங்கேயும் இல்லை.

நிறுத்த வேண்டும், இன்னும் வெளியாகவில்லை, பத்து மணிக்குத்தானே… எஸ்துவார்தோவைக் கூப்பிட்டாள். குவாத்தமாலாக்காரர், எதற்கும் பதறாதவர், அதனாலேயே இயக்குநர். "டாக்டர், எங்க இருக்கீங்க? தூதருங்க வந்தாச்சு, அமைச்சர் லிஃப்ட்ல ஏறிட்டாராம்." பின்னால் கரண்டிச் சத்தம், யாரோ மைக்கைத் தட்டும் சத்தம். அவள் சொன்னாள், லிமோன் பெட்டிச் செய்தியில் அந்தம்மாவின் விலாசம் இருக்கிறது, நிறுத்தணும் எஸ்துவார்தோ. தாள் புரளும் சத்தம் கேட்டது, மனிதர் பொறுமையாகத்தான் பார்த்தார். "மரம், கடல், தொட்டி… இதுல விலாசம் எங்க இருக்கு? தெரு இல்ல, நம்பர் இல்ல. எங்க ஊர்ல ஸோன் உண்டு, அவெனியூ உண்டு, வீட்டு நம்பர் உண்டு, அது விலாசம். இது இயற்கை வர்ணனை டாக்டர்." எங்க ஊர்ல இதுதான் விலாசம் என்றாள். "உங்க ஊர்ல…" என்று ஆரம்பித்துச் சிரித்துவிட்டார், கெட்ட சிரிப்பு இல்லை, அந்தத் தபால்காரர் சிரிப்புதான், இத்தனை வருஷம் கழித்தும். "சரி, நிகழ்ச்சி முடியட்டும், இணையத்துல அந்த வரிய எடுத்துரலாம். அச்சடிச்சத என்ன பண்றது? நேத்தே பத்திரிகை, ரேடியோ எல்லாத்துக்கும் அனுப்பியாச்சே, பத்து மணிக்கு மேலதான் வெளியிடணும்னு போட்டு." நேற்றே. நேற்று அவள் தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வரமாட்டேன், இதை வெளியிட்டால் மேடையேற மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், வாய்வரை வந்தது, அதே நேரத்தில் அந்தக் கௌரவ ஆலோசகர் என்ற இரண்டு வார்த்தையும் எங்கிருந்தோ வந்து நின்றது, வெட்கம்கெட்ட வார்த்தைகள்… "சீக்கிரம் வாங்க, உங்க நாற்காலி காலியா இருந்தா நல்லாருக்காது" என்று வைத்துவிட்டார். அவள் சரி என்றுகூடச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

வெல்டாவுக்குப் போன் போட வேண்டும், முதலில் அதைத்தான் செய்திருக்க வேண்டும், எஸ்துவார்தோவுக்கு அப்புறம் போட்டிருக்கலாம், ஏன் முதலில் அவருக்குப் போட்டேன்… நம்பர் இல்லை. பேட்டி முடிந்ததும் தொடர்பு விவரங்களை அழித்துவிட வேண்டும், பேட்டி கொடுத்தவரின் பாதுகாப்புக்காக, அதுதான் விதி. யார் எழுதிய விதி? அவள்தான். ஏழு நாட்டிலும் இப்போது அதைத்தான் பின்பற்றுகிறார்கள், ஹொண்டூராஸ் தலைநகர் டெகுசிகல்பாவில் அதற்காகவே ஒரு பயிற்சி வகுப்பு எடுத்திருக்கிறாள், நம்பரை அழிப்பது எப்படி என்று பெரிய மனிதர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள். லிமோனிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போதே வெல்டாவின் நம்பரை அழித்தாள், மலையில் மூடுபனி இருந்தது, கடமையைச் செய்துவிட்ட நிம்மதியில் தூங்கிப்போனாள். நம்பர் போய்விட்டது, வீடு மட்டும் மனப்பாடம். போலீஸிடம் சொல்லலாம். சொல்லலாமா? ரோந்து வண்டி கிளம்பிப் போன பிறகுதான் விளக்கு அணைகிறது என்று சொன்னவளின் வீட்டுக்குப் போங்கள் என்று அந்த ரோந்து வண்டிக்காரர்களிடமே சொல்வதா? அதற்கு வானொலியில் வாசிக்க விட்டுவிடலாம்… இல்லை, டாக்ஸிக்காரர் இருக்கிறார். டெல்ராய். லிமோனில் அன்றைக்கு முழுக்கக் கூடவே இருந்தவர், அவர் பேட்டி கொடுத்தவர் இல்லை, வெறும் ஓட்டுநர், அதனால் அவரைப் பாதுகாக்க யாருக்கும் தோன்றவில்லை, நம்பர் அப்படியே இருக்கிறது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுங்கள், எடுங்கள்… கார் ஒரு வண்டி நீளம் நகர்ந்து மறுபடி நின்றது, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ லாரி கவிழ்ந்திருக்கிறதாம், ஓல்கெர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "டாக்டரம்மாவா!" என்றது போன், மழையே இல்லாத ஊரின் குரல். "வாழ்த்துக்கள் டாக்டரம்மா! காலையிலயே கேட்டேன்." எதைக் கேட்டீர்கள்? "ரேடியோவுலதான். நம்ம ஊரப் பத்திப் பெரிய பொஸ்தகம் வருதுன்னு வாசிச்சான்ல. பாதாம் மரம், நீலத் தொட்டி எல்லாம் வந்துச்சு. மார்க்கெட்டே சிரிச்சுது. மீன் விக்கிறவன் இருக்கான்ல, 'மிஸ் வெல்டா, ஒம் பேர மாத்திப்புட்டாங்க, தொட்டிய மாத்தலியே'ன்னு கத்துறான்." பத்து மணிக்கு மேல் என்று போட்டிருந்தோமே, யார் கேட்டார்கள், நம்ம ஊர் பெயர் வந்திருக்கிறது என்ற சந்தோஷத்தில் வாசித்துவிட்டான், அவனை என்ன சொல்வது, அவளுக்கும் அதே சந்தோஷம்தானே இருந்தது. வெல்டா என்ன சொன்னாங்க டெல்ராய் என்று கேட்டாள், குரல் யாருடையதோ மாதிரி வந்தது. "அவளும் சிரிச்சா. அப்புறம் கூடைய மூடிட்டா. யாவாரம் பாக்கல. அப்படியே உக்காந்திருக்கா. எதுத்தாப்லதான் இருக்கேன், வண்டியிலருந்தே தெரியுது. போனக் கொண்டுபோய்க் குடுக்கவா, பேசுறீங்களா?"

வேண்டாம் என்றாள். யோசிக்கவே இல்லை, வேண்டாம் என்று வந்துவிட்டது, சூடான பாத்திரத்திலிருந்து கையை எடுக்கிற வேகத்தில். ஏன் வேண்டாம், பேசினால் என்ன, என்னவென்று பேசுவது, ராசாத்தி என்று கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது… "நீங்களே சொல்லிருங்க டெல்ராய். இன்னிக்கு வீட்டுக்குப் போக வேணாம்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க." அந்தப் பக்கம் மார்க்கெட் இரைச்சல் மட்டும், ஒரு பஸ்ஸின் ஹாரன். "அது சரி டாக்டரம்மா" என்றார் டெல்ராய், அவசரமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற மாதிரி. "எங்க போகச் சொல்லட்டும்?"

எங்கே. அவள் கேட்டவுடன் பதில் சொல்லிப் பழகியவள், டிவிக்காரர்கள் கேள்வியை முடிப்பதற்குள் மூன்று அம்சங்கள் என்று ஆரம்பிப்பவள். சாட்சிப் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது, அந்தச் சட்டத்தை வரைந்த குழுவில் அவளே இருந்தாள், ஆனால் வழக்கு இருக்க வேண்டும், புகார் இருக்க வேண்டும், அதிகாரி வந்து ஆபத்தின் அளவை மதிப்பிட வேண்டும், வெல்டா எந்த வழக்கிலும் சாட்சி இல்லை, அவள் கூடையில் பஃப்ஸ் விற்கிறவள், விளக்கு எரிய வேண்டும் என்று சொன்னவள். ஹோட்டல்? லிமோனில் எந்த ஹோட்டல், போய்ப் படுத்த அரை மணியில் எல்லோருக்கும் தெரியும். வேறு நாடு? மடியில் வரைபடம் இருந்தது, ஏழு நிறம், குவாத்தமாலாவில் அவளுக்கு எத்தனை பேரைத் தெரியும், பனாமாவில், மனாகுவாவில், எத்தனை அமைச்சர்கள், எத்தனை ஓய்வுபெற்ற கர்னல்கள், பிறந்தநாளுக்கு இன்னும் செய்தி அனுப்புகிறார்கள், அதில் ஒருத்தர் வீட்டில், ஒரு பொம்பளையை ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஒரு வீடு… வரைபடத்தில் வீடுகளே இல்லை, எல்லை மட்டும்தான் இருந்தது. "எங்க வீட்டுல வச்சுக்கலாம்தான்" என்றார் டெல்ராய் தாழ்ந்த குரலில், "எனக்கும் புள்ளகுட்டி இருக்கு டாக்டரம்மா, கோச்சுக்காதீங்க." இல்லை இல்லை, நீங்கள் வேண்டாம், உங்களை ஏன்… "அப்ப ஒண்ணு பண்றேன். பதினோரு மணி பஸ்ஸுல ஏத்திவுட்டுர்றேன். சான் ஹோசே வந்துட்டா அப்புறம் நீங்க இருக்கீங்க. இல்லியா? எறங்கி எப்படி வரணும்னு மட்டும் சொல்லுங்க. ஒரு தடவ சொன்னாப் போதும், மறக்க மாட்டேன், அவளுக்குச் சொல்லிர்றேன்."

ஆமாம். அதுதான் சரி. இவ்வளவு சுலபமானது ஏன் தனக்குத் தோன்றவில்லை, இரண்டு அறை, அவள் ஒருத்தி, வெல்டா வரட்டும், சோறு போட வேண்டியதில்லை, அவளே சமைத்துவிடுவாள், வரட்டும்… "சொல்றேன்" என்றாள். நெஞ்சு கொஞ்சம் லேசானது. "பஸ் ஸ்டாண்டுலருந்து டாக்ஸி புடிக்கச் சொல்லுங்க. வந்து, பழைய…" என்று ஆரம்பித்தாள். கண்ணாடியில் ஓல்கெரின் கண்கள் இருந்தன. அவளைப் பார்க்கிறானா, பின்னால் வரும் வண்டியைப் பார்க்கிறானா, தெரியவில்லை. எப்போது கார் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான்? அவளுக்குப் பேச வசதியாக இருக்கட்டும் என்று குறைத்திருப்பான், நல்ல மனுஷன், அம்மாவோடு இருக்கிறவன். டெல்ராய்? டெல்ராயும் நல்லவர்தான், ஆனால் ஜன்னலை இறக்கிவிட்டுத்தான் பேசிக்கொண்டிருக்கிறார், ஹாரன்கூடக் கேட்கிறதே, பக்கத்தில் யார் யார் நிற்கிறார்களோ, வெல்டாவிடம் சொல்லும்போது யார் யார் கேட்பார்களோ, அந்த மீன்காரன்… வெல்டாவைத் தேடிக்கொண்டு யாராவது பின்னாலேயே பஸ் ஏறினால்… தன்னுடைய வீட்டுக்கு, தன்னுடைய படிக்கட்டுக்கு… "பழைய என்ன டாக்டரம்மா?" என்றார் டெல்ராய். இந்த ஊரில் பிறந்து, பீட்சா கொண்டுவருகிறவனுக்கும், சிலிண்டர் போடுகிறவனுக்கும், முன்பின் தெரியாத யார் யாருக்கோ எத்தனை ஆயிரம் தடவை வாய் கூசாமல் சொன்ன வழி, இரண்டே வரி, இப்போது வெளியே வர மறுத்தது. இதுதான் பயம் போலிருக்கிறது, இத்தனை நாள் நான் எழுதிக்கொண்டிருந்தது இதைப் பற்றித்தான் போலிருக்கிறது என்று நினைத்தாள். முன்னால் சிவப்பு விளக்குகள் அணைந்து வண்டிகள் நகர ஆரம்பித்தன. "டாக்டரம்மா? கேக்குதா? அவ இங்கதான் பாத்துட்டிருக்கா, என்ன சொல்லட்டும்?" என்றது போன். அவள் அதைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், சிக்னல் சரியில்லாத ஆளைப் போல.